மகாளய அமாவாசையன்று என் வலக்கை

இதை எழுதலாம் என்று பேனாவை எடுத்ததும், எடுத்த வேகத்தில் வைத்துவிட்டதுமாகப் பல வருஷங்கள் போய்விட்டன. எழுதப் பயம் என்று சொல்ல முடியாது. எனக்காக நானே சாட்சி சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம்தான். நான் பெரிய படிப்புப் படித்தவனும் இல்லை. நாலு வரி இங்கிலீஷ், கணக்கு, அப்பா சொல்லிக்கொடுத்த மந்திரங்கள், அவ்வளவுதான் என் கல்வி. அதை வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, பவானிப்பூரில் ஒரு சந்தில் குடித்தனம் நடத்தி, பகவான் கிருபையால் மூன்று பெண்களையும் கரையேற்றினேன். அன்றைக்குக் கங்கைப் படியின்மேல் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் என் சம்சாரம். அவள் இப்போது இல்லை. அதனாலும் இனிமேல் தள்ளிப்போடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

ராஜதானி இன்னும் தில்லிக்குப் போகாத காலம் அது. மகாளய அமாவாசை. அந்த ஒரு நாளில் வங்காளிகளுக்கும் நமக்கும் வித்தியாசமே தெரியாது. விடியும்போதே கங்கைக்கரை முழுக்க ஜனம், இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் ஜலமும் இறைத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற அமாவாசைகளில் நான் காளிகாட் பக்கத்துச் சின்னக் கங்கையிலேயே முடித்துக்கொள்வேன். மகாளயத்துக்கு மட்டும் குடும்பத்தோடு குதிரைவண்டி வைத்துக்கொண்டு பெரிய கங்கைக்குப் போவது வழக்கம்.

அந்த நாளுக்கு முன்பாகவே என் வலக்கையில் ஏதோ சரியில்லாமல்தான் இருந்தது. சந்தியாவந்தனத்தில் ஜலம் எடுக்கிற உத்தரணி நழுவித் தாம்பாளத்தில் விழும். மந்திரத்தில் பிழை வந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். காயத்ரி ஜபிக்கும்போது எண்ணிக்கைக்காகக் கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்துவோம் அல்லவா, அந்தக் கட்டைவிரல் பின்தங்கியது. மனசு நாலாவது கணுவில் இருக்கும், விரல் மூன்றிலேயே நிற்கும். வாய் கொப்பளித்தால் வலது ஓரத்தில் ஜலம் வழிந்தது. பித்ருக்களுக்கு ஏதோ குறை வைத்துவிட்டேன், அதனால்தான் இப்படி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சம்சாரம் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். வாயு என்றாள். வைத்தியரிடம் போக வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

தர்ப்பணம் முடிந்தது. விரலில் போட்டிருந்த தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மேல்படிக்கு ஏறினேன். அங்கே சம்சாரம் மூத்த பெண்கள் இருவரையும் உடுப்பு மூட்டையையும் காவல் காத்துக்கொண்டு நின்றாள். கடைக்குட்டிக்கு நாலு வயது. அவளையும் ஒரு முழுக்குப் போட வைக்கலாம் என்று இடக்கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வலக்கையில் என் அப்பா வைத்திருந்த தாமிரச் செம்பு. வீட்டுக்குக் கங்கை ஜலம் மொண்டு போவதற்கு அது.

படி இறங்கிக்கொண்டே வரும்போது ஒரு காரியம் செய்தேன். கங்கையில் குழந்தையை முழுக்காட்டுவது நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு இடக்கை ஆகாது. அதனால் செம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, குழந்தையை வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன். நம்மவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அதற்காக யோசித்ததுகூடக் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சன்னிதிக்குள் நுழைகிற மாதிரி, கை தானாகவே அந்த மாற்றத்தைச் செய்தது.

தண்ணீர் எனக்கு முழங்கால், அவளுக்கு மார்பு. ஒரு முழுக்குப் போட்டாள். மூக்கில் தண்ணீர் ஏறிச் சிரித்தாள். நான் இடக்கையில் இருந்த செம்பையும் முக்கி நிறைத்துக்கொண்டேன். அப்போது நடு ஆற்றில் படகுக்காரர்கள் கத்தினார்கள்.

"பான்! பான் ஆஷ்சே!"

கல்கத்தாவில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கூச்சலின் அர்த்தம் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலிலிருந்து கங்கைக்குள் எதிர்த்துக்கொண்டு ஒரு அலை ஏறி வரும். அதற்குத்தான் பான் என்று பெயர். தெற்கே கார்டன் ரீச் பக்கம் அலை தெரிந்தவுடனே படகுக்காரர்கள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். படகுகளை நடு ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். படியில் இருக்கிறவர்கள் மேலே ஏறிவிட வேண்டும், அதற்கு அவகாசமும் உண்டு. ஜனம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு ஏறத் தொடங்கியது. நானும் திரும்பினேன்.

குழந்தை கையில் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டு ஏறினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் விரல்கள் மூடியிருக்கின்றன, அவற்றுக்குள் ஈரமான சின்னக் கை இருக்கிறது என்று என் மனசுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரண்டு படி ஏறிய பிறகு மேலிருந்து சம்சாரம் வீறிட்டாள்.

"ஐயோ! குழந்தை! குழந்தையை விட்டுட்டேளே!"

திரும்பிப் பார்த்தேன். வலக்கை திறந்து கிடந்தது. கை காலி. குழந்தையின் பாவாடை மட்டும் தண்ணீரின்மேல் குடை மாதிரி விரிந்து, படியை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த க்ஷணத்தில் நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவு இல்லை. நின்றேன் என்று சொல்கிறார்கள். மரம் மாதிரி நின்றேனாம். எனக்குக் கீழே, பேஹாலா பக்கத்திலிருந்து வரும் மீன்காரி ஒருத்தி கூடையைக் கரையில் வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் பாய்ந்து குழந்தையின் பின்னலைப் பிடித்தாள். பின்னலோடு இழுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னையும் தோளால் ஒரு இடி இடித்துப் படியில் தள்ளிக்கொண்டே ஏறினாள்.

"ஓ பாபு! தூங்குகிறாயா? நட, நட!"

நாங்கள் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் பான் வந்தது. மண் நிறத்தில் ஒரு சுவர் மாதிரி வந்து, குழந்தை நின்ற படியையும் அதற்கு மேல் படிகளையும் ஒரே அடியாக அடித்து மூழ்கடித்துவிட்டுப் போனது. யாரோ விட்டுப்போன புஷ்பக்கூடை அதில் சுழன்றுகொண்டே போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடக்கையில் ஏதோ கனத்தது. குனிந்து பார்த்தேன். செம்பு! நிறைய கங்கையோடு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இருந்தது.

சம்சாரமும் அதைத்தான் பார்த்தாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், செம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"செம்பை விடலையே நீங்க."

"நான் விடலைடி. குழந்தையை நான் விடவே இல்லை."

"நான் பார்த்துண்டுதானே நின்னேன்? அலை அப்போ வரலை. ஒருத்தரும் வந்து இடிக்கலை. உங்க விரல் ஒவ்வொண்ணாத் திறந்துது. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. நானும் பொய் சொல்லவில்லை. பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்த ஈரம் காய்வதற்குள், அதே கை என் குழந்தையைக் கங்கைக்குக் கொடுத்துவிட்டது. வண்டியில் வீடு திரும்பினோம். மூத்தவள் மெல்ல, "அம்மா, பாப்பா மேல மீன் வாசனை வருது" என்றாள். "வரட்டும்டி" என்றாள் சம்சாரம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனசு வரவில்லை. அவள் சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் குழந்தையை என் பக்கம் வர விடவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. நான் கூப்பிட்டால் அதே நிமிஷம் அவளும் உள்ளேயிருந்து கூப்பிடுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது குழந்தை தானே என்னிடம் வந்து, எட்ட நின்று கேட்டது.

"அப்பா, என்னை ஏன் விட்டே?"

"தெரியலைடி, கண்ணு."

"நான் கனமா இருந்தேனா?"

என் மனசு உடைந்துபோன இடம் அது. ஆற்றங்கரையில்கூட அவ்வளவு உடையவில்லை.

இன்னொரு அடி சனிக்கிழமை பஜனையில் விழுந்தது. நம்மவர் குடும்பங்கள் சில அப்போதே அந்தப் பக்கம் இருந்தன. பாங்கிலும் கம்பெனிகளிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள். வாரா வாரம் ஒருவர் வீட்டில் பஜனை நடக்கும். அன்று நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். முற்றத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தது.

"செம்பை விடலையாம், ஓய். பித்தளையா அது, தாமிரமா?"

"தாமிரம். நல்ல கனமாம்."

"பின்னே? பொண்ணு மூணாவது. செம்பு ஒண்ணே ஒண்ணு."

சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வீட்டில் ஜுரம் என்றால் முதலில் வந்து நிற்பவர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டவுடன் கால் கழுவியவன் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசல் கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பேச்சு அவள் காதுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று தெரிந்தது. அவளும் அதை நம்புகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது பெண் பிறந்தபோது, ஒருத்தர் விடாமல் வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் அப்போது ஒரு தடவைகூட முகம் சுளித்தவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்ததையெல்லாம் நம்ப முடியாமல் செய்துவிடுகிறது, கண்ணால் கண்டது.

வைத்தியரிடம் போகச் சொன்னவர் எங்கள் ஆபீஸ் பெரிய பாபு, அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் எழுதிய காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன, மொஷாய்? காக்கைக்கால், கொக்குக்கால்? நீ குடிக்கிற ஜாதி இல்லை. கை இப்படிக் கோணுகிறதென்றால் அது வியாதி. இன்றைக்கே டாக்டரைப் பார்."

எங்கள் சந்து முனையிலேயே ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பார். நான் அவரிடம் கையைப் பற்றிச் சொன்னேன். கங்கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் சொன்னார், "வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் உன்னைக் கவனித்துக்கொள்கிறவர்கள் முன்னால் பார்க்க வேண்டும்." வந்தார். அவர் வங்காளியில் பேசியதை நான் நம் பாஷையில் எழுதுகிறேன்.

சம்சாரம் வழக்கம்போல் அறைக்கதவுக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் தம் இரண்டு விரல்களை என் ஒவ்வொரு கையிலும் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். "பூ" என்றார் வலப்பக்கம். "இரும்பு" என்றார் இடப்பக்கம். பிறகு கூடத்து நடுவில் நிற்கச் சொன்னார்.

"இரண்டு கையையும் முன்னால் நீட்டு. உள்ளங்கை மேலே. பிரசாதம் வாங்குகிற மாதிரி. ஆம். இப்போது கண்ணை மூடு. நான் சொல்கிறவரை இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்."

கண்ணை மூடினேன். அது என்ன பெரிய காரியம்? இரண்டு கையும் சமமாக நீண்டிருக்கின்றன, எனக்கு நன்றாகத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏன்னா... கையைப் பாருங்கோ."

"சரியாத்தானே வச்சிண்டிருக்கேன்? என்ன பார்க்கணும்?"

"ஏன்னா, கண்ணைத் திறந்து பாருங்களேன்!"

"டாக்டர் மூடச் சொல்லியிருக்கார்டி. ரெண்டும் நேராத்தானே இருக்கு?"

"இல்லே. இல்லே." அவள் குரல் உடைந்துவிட்டது.

திறந்தேன். இடக்கை வைத்த இடத்தில் இருந்தது. வலக்கை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. இறங்கியது மட்டும் இல்லை. மேலே பார்த்திருந்த உள்ளங்கை மெல்லப் புரண்டு, அதில் ஏதாவது இருந்திருந்தால் கீழே கொட்டிவிடுகிற மாதிரி கவிழ்ந்திருந்தது. என் கைதான். என் மோதிர விரலில் பவித்திரத்தின் தர்ப்பை அறுத்த தழும்பு இருக்கும், அது தெரிந்தது. ஆனால் அது இறங்கியதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்ற மாதிரி இருந்தது. ஈசுவரா! என் கையைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா? அந்த அதிர்ச்சியை எப்படி எழுதுவது? சொந்த வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள், எனக்குத் தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட மாதிரி.

அந்நியர் முன்னால் வராதவள், குழந்தையோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். என் இடக்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கைதான் செம்பு."

தொங்கிய வலக்கையைத் தொட்டாள்.

"இந்தக் கைதான் குழந்தை."

அதைச் சொல்லிவிட்டுத் தெரிந்த வங்காளியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கங்கை, பான், விரல் திறந்தது, மீன்காரி. டாக்டர் கேட்டு முடித்து, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது அதிர்ச்சிதான் என்று கண்டேன்.

"இதற்குப் பெயர் இருக்கிறது," என்றார். "பரீஸிஸ்."

எங்கள் பக்கம் கைகால் விழுந்துவிட்டால் பாரிசவாயு என்பார்கள். அதைத்தான் சொல்கிறாரோ என்று கேட்டேன். காதுக்கு ஒன்றாக இருந்தாலும் அதற்கும் இதற்கும் உறவு இல்லை என்றார். மெடிகல் காலேஜில் தமக்கு ஒரு ஸ்காட்லாந்துக்கார வாத்தியார் இருந்ததாகவும், ஒவ்வொரு வியாதியின் பெயருக்கும் வேர் சொல்லாவிட்டால் அவர் பெஞ்சுமேல் நிறுத்திவிடுவார் என்றும் சொல்லிச் சிரித்தார்.

"இது கிரேக்கர்களின் சொல். புராதன ஜாதி. பாரா என்றால் பக்கமாக, ஓரமாக. அதோடு சேர்ந்த இன்னொரு துண்டுக்குப் போக விடுவது என்று பொருள். சேர்த்தால், பிடியைத் தளர்த்தி நழுவ விட்டுவிடுவது. பாரலிஸிஸ் என்று கேள்விப்பட்டிருப்பாய், அதுவும் அவர்கள் சொல்தான். அது கட்டை அவிழ்ப்பது. மாட்டை அவிழ்த்துவிட்டால் மாடு போயிற்று. கை அடியோடு செத்துவிட்டால் அது பாரலிஸிஸ். உனக்கு அப்படி இல்லை. கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது. பிடிதான் அவ்வப்போது விடுகிறது. மூளையில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல என்னால் ஆகாது. பெயரைத்தான் நிச்சயமாகச் சொல்வேன்."

அவர் பேசியதில் பாதி வங்காளி, பாதி இங்கிலீஷ். அவளுக்கு முழுக்கப் புரியவில்லை.

"என்ன சொல்றார்? பேருக்கு என்ன அர்த்தமாம்?"

எந்த வார்த்தையை அவள் கங்கைப் படியில் என்மேல் எறிந்தாளோ, பஜனை வீட்டில் எதைச் சொல்லிச் சிரித்தார்களோ, அதே வார்த்தைதான் அந்த வியாதிக்குப் பெயராக இருந்தது. வாயு என்று சொல்லி மழுப்பியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் பகவான் படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். சொன்னேன்.

"விட்டுடறதுன்னு அர்த்தமாம். பிடியை விட்டுடறது."

குழந்தை அவள் தாலிச்சரட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"வியாதிக்குப் பேரே அதுவா?"

"ஆமாம்."

"இந்தப் பேரை அவா எப்போ வச்சா?"

டாக்டரைக் கேட்டேன். ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும் என்றார். அவளுக்குச் சொன்னேன். அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் குழந்தை, மறுகையில் என் வலக்கை.

"அப்போ உங்களுக்கு முன்னாடியே யாருக்கோ இப்படி ஆயிருக்கு. கை இருக்கறச்சே கை விட்டிருக்கு. எதையோ விட்டிருக்கா, யாரையோ விட்டிருக்கா. இல்லேன்னா இப்படி ஒரு பேர் வைக்கத் தோணுமோ?"

நான் அந்தச் சொல்லைக் கேட்டுக் குன்றிப்போனேன். அவளோ அதே சொல்லுக்குள் வேறு ஒருவனைக் கண்டுபிடித்தாள். எந்தத் தேசத்திலோ, எந்த ஆற்றங்கரையிலோ என்னை மாதிரி நின்று தன் வெறுங்கையைப் பார்த்த ஒருவனை. பள்ளிக்கூடம் போகாதவள் அவள். அந்த டாக்டர், "அம்மா சொல்வது சரி," என்று மட்டும் சொன்னார்.

கையைச் சும்மா வைக்கக்கூடாது, எதையாவது பிசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வைத்தியம். அன்று சாயங்காலமே சம்சாரம் ஒரு கல்சட்டியில் புளியை ஊறப்போட்டு என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்துக்குப் புளி கரைப்பது என் வேலை. வலக்கையால்தான். விஷயம் வெளியே போயிற்று. பக்கத்துவீட்டு மாமி ஜன்னல் வழியே கேட்டாள்.

"என்னடி, உங்காத்துக்காரர் புளி கரைக்கறாராமே? நாளைக்கு அரிசி களையச் சொல்லுவியோ?"

"கை சரியானா சொல்றேன் மாமி. இப்போ விட்டுடுவார், அரிசி வீணாப் போகும்."

அவள் அப்படி வாய்விட்டுப் பதில் சொன்னதைக் கேட்டு நான் சட்டிக்குள் குனிந்துகொண்டேன். பல நாட்களுக்குப் பிறகு வீட்டில் கேட்ட வேடிக்கைப் பேச்சு அது.

அடுத்த அமாவாசை தீபாவளியை ஒட்டி வந்தது. கங்கைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவள்தான் வழக்கத்தை மீறிப் பெரிய கங்கைக்கே வண்டியைக் கூப்பிட்டாள். தர்ப்பணம் முடித்து மேலே வந்தேன். என் முன்னால் வந்து நின்றாள். குழந்தையின் கையை எடுத்து என் இடக்கையில் வைத்தாள். தாமிரச் செம்பை எடுத்து என் வலக்கையில் கொடுத்தாள்.

"இடக்கையாலயா?" என்றேன். "முழுக்காட்டறது நல்ல காரியம்டி."

"குழந்தை கையில இருக்கறதுதான் நல்ல காரியம். போங்கோ."

இறங்கினேன். குழந்தை என் விரல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி எழுந்தது. நான் செம்பில் கங்கையை மொண்டு நிமிர்ந்தேன். அவ்வளவுதான். விரல் திறந்ததோ, செம்பு சரிந்ததோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தொம் என்று ஒரு சத்தம். என் அப்பாவின் செம்பு கங்கைக்குள் போய்விட்டது. கீழ்ப்படியில் அதே மீன்காரி. அவளுக்கு நாங்கள் புடவை கொடுத்திருந்தோம், அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓ பாபு! இன்றைக்கு என்ன போயிற்று?"

"செம்பு."

"போகட்டும். அதற்குப் பின்னல் இல்லை, நான் பிடிக்க முடியாது!"

மேல்படியில் என் சம்சாரம் சிரித்தாள். தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் என்னை நம்பிவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தச் சிரிப்பில்தான். இடக்கையில் குழந்தையின் கை இருந்தது. அது இருக்கிறதா என்று மனசை நம்பாமல் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன்.

கை பாதிக்குமேல் திரும்பியது. ஆபீஸ் வேலைக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் கண்ணை மூடிக் கையை நீட்டினால் இன்றும் கொஞ்சம் இறங்குகிறதென்று சொல்கிறார்கள்.

ஊர் மட்டும் பழைய கதையை விடவில்லை. சென்ற மாதம் அதே கடைக்குட்டி பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். தாயில்லாத வீட்டில் அவள் அக்காதான் வந்திருந்து பார்த்துக்கொண்டாள். பிறந்தது பெண். கடைக்குட்டியே குழந்தையைக் கொண்டுவந்து என் வலப்பக்கமாக நீட்டினாள். நான் இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் முகம் மாறியது.

"ஏம்பா இடது கையில? பொண்ணுங்கறதாலயா?"

கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. புக்ககத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு மாமி அவளிடம் சொன்னாளாம், "உன்னைத்தானே உங்கப்பா கங்கையில தூக்கிப் போட்டார், தங்கச் செம்பை மட்டும் விடாம?" செம்பு தங்கமாகிவிட்டிருக்கிறது. விட்டது தூக்கிப் போட்டதாகிவிட்டிருக்கிறது. அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. இத்தனை வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டு, என்னை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். அவள் பார்த்தாள். அவள் அம்மா பார்த்த அதையே பார்த்தாள். என் வலக்கையைப் பிடித்து நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எழுதி வையுங்கோப்பா. வாயால சொன்னா மறுபடியும் மாத்திடுவா."

அவள் சொன்னதற்காகத்தான் எழுதினேன். படித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினேன் என்பதை விட்டுவிடாதீர்கள். பின்னலைப் பிடித்தவள் மீன்காரி என்பதை மறைக்காதீர்கள். அந்த நோயின் பெயருக்கு அர்த்தம் விட்டுவிடுவது என்பதையும், அதைக் கேட்டு என் சம்சாரம் என்ன சொன்னாள் என்பதையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல் கூட்ட வேண்டாம், எனக்காக ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். செம்பு தாமிரம்தான்.